மழை வளர்த்த ஊர்

உர்னேஷில் நாங்கள் தங்கியிருந்த நாள்களில் சென்டிஸ் மலை ஒருமுறைகூடக் கண்ணில் படவில்லை. 2502 மீட்டர் உயர மலை, ஊருக்குத் தெற்கே வெகு அருகில் இருக்கிறது. விடுதிக் கூடத்து ஓவியத்தில் இருக்கிறது, கடையில் விற்கும் அஞ்சலட்டைகளில் இருக்கிறது, பிஸ்கட் டப்பாவின் மூடியிலும் இருக்கிறது. எங்கள் அறைச் சன்னலில் மட்டும் இல்லை. மேகம் வீட்டுக் கூரைகளுக்குச் சற்று மேலே வந்து உட்கார்ந்துவிட்டது. அதன் அடியில் நனைந்த புல்வெளி, நனைந்த வேலி, நனைந்த மாடுகள்.

கிழக்கு சுவிட்சர்லாந்தில், அப்பன்செல் அவுஸ்ஸர்ரோடன் என்ற சின்ன மாநிலத்தின் கிராமம் இது. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழ்கிறார்கள். கொசாவ் சந்திப்பில் இறங்கி, சிவப்பு நிற மீட்டர் கேஜ் ரயிலில் மாறினால் ஹெரிசாவ் வழியாக மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வளைந்து வளைந்து கொண்டுவந்து விடுகிறது. செப்டம்பர் நடுவில் போயிருந்தோம். மலையில் நடப்பதுதான் திட்டம். கணவர் பாதைகளையெல்லாம் குறித்து வைத்திருந்தார். தினமும் காலையில் வானிலை அறிக்கையைப் பார்ப்பார். பார்த்துவிட்டுக் குடையை எடுப்பார்.

இந்த மழைக்கு நியாயமான காரணம் உண்டு. வடமேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று சமவெளியைக் கடந்து வந்து இங்கே ஆல்ப்ஸ்டைன் மலைத்தொகுதியில் முட்டுகிறது. மேலேறுகிறது, குளிர்கிறது, சுமந்து வந்ததை அங்கேயே கொட்டிவிடுகிறது. சென்டிஸ் உச்சியில் 1882 முதல் வானிலை நிலையம் இயங்குகிறது. அங்கே ஆண்டுக்கு மழையும் பனியுமாக ஏறத்தாழ 2800 மில்லிமீட்டர் விழுகிறது. சென்னையின் ஆண்டு மழையைப் போல இரு மடங்கு. சென்னையில் ஒரு பருவத்துக்குள் பெரும்பகுதி கொட்டித் தீர்ந்துவிடும். இங்கே எந்த மாதத்துக்கும் விலக்கு இல்லை.

மலையேற வழியில்லாததால் ஊர்ச் சதுக்கத்தில் உள்ள மரபு அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தோம். பழைய மரவீடு. தாழ்ந்த உத்தரம், கிறீச்சிடும் படிகள், அடுக்கடுக்காகச் சின்னச் சின்ன அறைகள். பாலாடைக்கட்டி காய்ச்சும் செப்புக் கொப்பரை ஒரு மூலையில், மரவாளிகள் இன்னொரு மூலையில். அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் இந்த ஊர் எனக்குப் பிடிபடத் தொடங்கியது. இவ்வளவு ஈரத்தில் கோதுமை விளைந்து முற்றுவது கடினம். புல் மட்டும் தடையில்லாமல் வளரும். புல்லை மனிதன் தின்ன முடியாது, மாடு தின்னும். எனவே இங்கே உழவர்கள் மாடு வளர்ப்பவர்கள் ஆனார்கள். கோடையில் மந்தையோடு மலைக்கு ஏறி, பால் கறந்து, கட்டி செய்து, இலையுதிர் காலத்தில் இறங்கினார்கள். அந்த மலை மேய்ப்பரை இங்கே ‘சென்’ என்பார்கள். ஊரின் பாட்டு, உடை, ஓவியம், விழா எல்லாம் அவரைச் சுற்றியே உருவாகியிருக்கின்றன. அத்தனைக்கும் அடியில் இருப்பது, எங்கள் விடுமுறையைக் கெடுப்பதாக நாங்கள் அலுத்துக்கொண்டிருந்த இதே மழை.

நெசவிலும் அதே கதைதான். சென்ட் காலன் நகர வணிகர்களுக்காக இந்த மலைச் சரிவுகளில் வீட்டுக்கு வீடு தறி ஓடிய காலம் ஒன்று இருந்தது. தறியை மாடியில் போடவில்லை, பாதி மண்ணுக்குள் இறங்கிய நிலவறையில் போட்டார்கள். வறண்ட காற்றில் ஆளி நூல் இற்றுப்போகும். ஈரமான நிலவறையில் நெகிழ்வாக இருக்கும். அந்த வீடுகளில் இன்றும் தரையை ஒட்டி வரிசையாகச் சன்னல்கள் தெரிகின்றன. தறிக்காரர் வெளிச்சத்துக்காக வைத்தவை. தெருவில் நடக்கும்போது நான் அந்தச் சன்னல்களைத்தான் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு போனேன். நெசவாளிக்கு ஈரம் உதவிய ஊர் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

அருங்காட்சியகத்தின் உயிர் மேல்மாடியில் இருக்கிறது. ஆளுயரப் பொம்மைகள் வரிசையாக நிற்கின்றன. தலையில் பெரிய சக்கரம் அளவுக்குத் தொப்பி, தொப்பியின்மேல் ஒரு முழு உலகம்: மரத்தில் செதுக்கிய பண்ணை வீடு, விறகு வெட்டுபவர், கல்யாண ஊர்வலம், பால் கறக்கும் பெண். ஒவ்வொன்றையும் சுற்றி ஆயிரக்கணக்கில் கண்ணாடி மணிகள் கோத்திருக்கின்றன. முகத்தில் வழவழப்பான முகமூடி. இவர்கள்தான் சில்வெஸ்டர் கிளாவுஸ்கள். ஆண்டின் கடைசி நாள் விடியுமுன் இருட்டில் புறப்பட்டு, பண்ணை பண்ணையாக நடந்து, புத்தாண்டு வாழ்த்துச் சொல்லும் ஆண்களின் கூட்டம்.

ஒரு குழுவில் பெரும்பாலும் ஆறு பேர். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பெண் வேடம். இருவரும் உருண்டைச் சலங்கைகள் கோத்த வாரை உடம்பில் மாட்டியிருப்பார்கள். நடுவில் வரும் ஆண் வேடக்காரர்கள் பெரிய மாட்டு மணிகளை மார்பிலும் முதுகிலும் சுமப்பார்கள். வீட்டு வாசலில் வட்டமாக நின்று குதித்து, உடம்பை உலுக்கி மணிகளை ஒலிப்பார்கள். பிறகு ஓசை அடங்கும். ஒருவர் மெல்ல இழுத்துத் தொடங்க, மற்றவர்கள் அடியில் சேர்ந்துகொள்வார்கள். சொற்கள் கிடையாது. உயிரெழுத்துகளில் மட்டுமே நடக்கும் அந்த யோடலுக்குச் சோயர்லி என்று பெயர்.

அழகிய கிளாவுஸ் தவிர இன்னும் இரண்டு வகை உண்டு. கோரமான கிளாவுஸ் வைக்கோலும் தழையும் உடுத்து, பல் துருத்திய முகமூடியோடு வரும். இரண்டுக்கும் நடுவில் காட்டுக் கிளாவுஸ்: பாசி, ஊசியிலைக் கொம்பு, பைன் காய், நத்தை ஓடு என்று காட்டில் கிடைப்பதை மட்டும் வைத்து உடையும் தொப்பியும் செய்துகொள்பவர்கள். எனக்குக் காட்டுக் கிளாவுஸ்மேல்தான் காதல். அந்தப் பாசியை எத்தனை வாரம் பொறுக்கியிருப்பார்கள், ஒவ்வொரு நத்தை ஓட்டையும் எப்படிப் பொருத்தியிருப்பார்கள் என்று பார்த்தபடி நின்றதில் நேரம் போனது தெரியவில்லை. பாசி வளர்வதற்கும் மழை வேண்டும்.

1663ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் இந்த வழக்கம் தலைகாட்டுகிறது. மணிகளோடு இரவில் கூச்சலிட்டுத் திரிகிறார்கள் என்ற திருச்சபையின் கண்டனமாகத்தான் அது பதிவாகியிருக்கிறது. கண்டனம் காகிதத்தில் நின்றது, கிளாவுஸ் நடந்துகொண்டே இருக்கிறது. இன்னொரு பிடிவாதமும் இதற்குள் உண்டு. 1582இல் போப் கிரிகோரி நாள்காட்டியைத் திருத்தியபோது, சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த அவுஸ்ஸர்ரோடன் மக்கள் ரோமாபுரி சொன்னதை ஏற்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசிவரை பழைய ஜூலியன் கணக்கையே வைத்திருந்தார்கள். அதனால் இங்கே ஆண்டின் கடைசி நாள் இரண்டு முறை வருகிறது: டிசம்பர் 31 ஒன்று, ஜனவரி 13 இன்னொன்று. இரண்டு நாளும் கிளாவுஸ் நடக்கிறது. உர்னேஷ்காரர்களுக்குப் பழைய நாள்தான் நெஞ்சுக்கு நெருக்கம்.

இதையெல்லாம் எனக்கு உயிரோட்டமாக விளக்கியவர், நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் போன உணவகத்தின் சமையல்காரர். பரிமாறும் பெண்ணிடம் நாங்கள் தமிழில் ஏதோ பேசிக்கொண்டே ஆர்டர் சொன்னது உள்ளே கேட்டிருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“இந்தியாவோ நீங்கள்? நான் வடமராட்சி, தங்கச்சி. இருங்கோ, வெங்காயமும் மிளகாயும் போட்டு ஒண்டு செய்து தாறன்.”

1980களில் தொடங்கி இலங்கைப் போரிலிருந்து தப்பி சுவிட்சர்லாந்துக்கு வந்த தமிழர்களில் பலருக்கு முதலில் திறந்த கதவு உணவகச் சமையலறையின் கதவு. பிள்ளைகளோடு சேர்த்து இன்று ஐம்பதாயிரம் பேர் அளவுக்கு இந்த நாட்டில் வாழ்கிறார்கள். இவரும் பாத்திரம் கழுவத் தொடங்கி, அடுப்பைக் கைக்கொண்டவர். அருங்காட்சியகத்தில் பார்த்ததைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நான் வந்த முதல் வருசம், அண்டைக்குக் கிளாவுஸ் எண்டு எனக்கு ஆர் சொன்னது? விடிய அஞ்சு மணி இருக்கும். கும்மிருட்டு, ஸ்னோ. ஒரே மணிச் சத்தம், கனபேர் ஓடி வாற மாதிரி. நான் கட்டிலுக்குக் கீழ போயிட்டன், தங்கச்சி. ஆமி வருதெண்டுதான் நினைச்சன்.”

“அப்புறம் அண்ணா?”

“முதலாளியின்ர தாய், வயசான மனுசி, வந்து கையைப் பிடிச்சு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனா. பாத்தால், தலையில வீடு வச்சுக்கொண்டு ஆக்கள் நிண்டு பாடுகினம். எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்ல. டொச் தெரியாதபடியால் விளங்கேல்ல எண்டு நினைச்சன். பிறகுதான் தெரியும், அதில சொல்லே இல்லையெண்டு. பாட்டு முடிய ஒவ்வொருத்தரும் வந்து எனக்குக் கை குடுத்தவை. இந்த ஊரில எனக்குக் கை குடுத்த முதல் ஆக்கள் அவைதான்.”

இப்போது அந்த விடியற்காலையில் கிளாவுஸ்களுக்குச் சூடான வைன் காய்ச்சுவது அவருடைய பொறுப்பு. முகமூடியைக் கழற்றாமல் குழல் வைத்து உறிஞ்சிக் குடிப்பார்களாம். யார் எவர் என்று அவருக்குக் கண்ணை வைத்தே தெரியுமாம், ஆனாலும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாராம். அன்றைக்கு அவர்களுக்குப் பெயர் கிடையாது.

அன்று இரவே அந்த உணவகத்தில் இசை கேட்டோம். நிகழ்ச்சி என்று எந்த அறிவிப்பும் இல்லை. மழைக்கு ஒதுங்கியவர்கள் கருவிகளோடு ஒதுங்கியிருந்தார்கள், அவ்வளவுதான். இரண்டு வயலின், ஒரு செல்லோ, ஒரு பெரிய பாஸ், நடுவில் ஹாக்பிரெட். நம் சந்தூருக்கு உறவான கருவி. சரிவகப் பெட்டியின்மேல் ஐந்தைந்தாக நூற்றுக்கும் மேற்பட்ட தந்திகள், இரண்டு மெல்லிய கோல்களால் தட்டி வாசிக்கிறார்கள். அப்பன்செல் தந்தி இசை என்று நாடெங்கும் புகழ்பெற்ற இந்தச் சேர்க்கையில் உர்னேஷுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த ஊரின் ஆல்டர் குடும்பம் 1884 முதல் தலைமுறை தலைமுறையாக இதை வாசித்து வருகிறது.

பிறகு முதியவர் ஒருவர் எழுந்து மூன்று மண் கிண்ணங்களைக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொரு கிண்ணமும் ஒவ்வொரு அளவு. ஐந்து பிராங்க் நாணயம் ஒன்றைக் கிண்ணத்துக்குள் விளிம்பில் நிறுத்தி ஓடவிட்டார். உள்ளங்கையில் சாய்த்த கிண்ணத்தை மணிக்கட்டால் மெல்லச் சுழற்ற, நாணயம் நிற்காமல் சுவரைச் சுற்றி ஓடியது. ஓர் இரைச்சலாகத் தொடங்கி, வேகம் ஒரு சீரானதும் சுருதியாக மாறியது. இன்னும் இருவர் மற்ற கிண்ணங்களை எடுத்துக்கொண்டார்கள். மூன்று சுருதியும் சேர்ந்த இடத்தில் முதியவர் சோயர்லியைத் தொடங்கினார். தம்புரா மீட்டப்பட்டதும் காது ஓரிடத்தில் சென்று அமருமே, எனக்கு அப்படி அமர்ந்தது. பாடியவர்கள் யாரும் எங்களைப் பார்த்துப் பாடவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்; மூச்சு எங்கே விடுவது என்பதற்காக.

அடுத்து ஒரு நாள் ரயிலேறி மறுபாதிக்குப் போனோம். அப்பன்செல் ஒரே நாடாக இருந்து, மதச் சண்டையில் 1597இல் இரண்டாகப் பிரிந்தது. கத்தோலிக்கர் இன்னர்ரோடன், சீர்திருத்தச் சபையினர் அவுஸ்ஸர்ரோடன். இன்னர்ரோடனின் தலைநகரான அப்பன்செல் ஊரில் வண்ணம் தீட்டிய வீடுகள் உண்டு, மூலிகைக் கரைசலால் தேய்த்துப் பதப்படுத்தும் பாலாடைக்கட்டி உண்டு, குடை பிடித்த பயணிகள் ஏராளம் உண்டு. அவற்றைப் பற்றி எழுத எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஊர்த் திடலில் நின்றபோது ஒன்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை மக்கள் இந்தத் திடலில் கூடி, கையை உயர்த்தி வாக்களிக்கிறார்கள். நூற்றாண்டுகள் பழைய மரபு, உலகமே வியக்கும் மரபு. 1990 ஏப்ரலில்கூட இங்கே கூடிய ஆண்கள், பெண்களுக்கு வாக்கு வேண்டாம் என்று கையை உயர்த்தினார்கள். அதே ஆண்டு நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் பெண்கள் உள்ளே வந்தார்கள். மரபை நான் நேசிக்கிறேன். அது யாரை வெளியே நிறுத்தியிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் அதைச் சொல்ல வேண்டும். பெண்கள் வந்ததால் அந்தக் கூட்டம் இடிந்துவிடவில்லை. இன்றும் அதே திடலில், இரண்டு மடங்கு கைகளோடு நடக்கிறது.

அன்று சாயங்காலம் இன்னர்ரோடன் பக்கத்து மேய்ச்சல் மலை ஒன்றில், மூடுபனிக்குள், மேய்ப்பரின் மாலை வேண்டுதலைக் கேட்டோம். பால் ஊற்றும் மரப் புனலை வாயில் வைத்து, மேரி மாதாவையும் புனிதர்களையும் பெயர் சொல்லி அழைத்து, மனிதரையும் மாட்டையும் காக்கச் சொல்லும் ஒரு நீண்ட ஓதல். குரல் எட்டும் தூரம்வரை அன்றிரவு காவல் உண்டு என்பது நம்பிக்கை. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத அந்தப் பனியில் மேய்ப்பர் நான்கு திசைக்கும் திரும்பித் திரும்பி ஓதினார். மந்தை எங்கே நிற்கிறது என்று கழுத்து மணிகள்தான் சொல்லின.

சனிக்கிழமை உர்னேஷில் மாடுகள் இறங்கின. கோடை முழுவதும் மேலே மேய்ந்த மந்தைகள் ஊருக்குத் திரும்பும் நாள். மழை விடவில்லை. நிகழ்ச்சியைத் தள்ளிவைப்பார்களோ என்று விடுதிக்காரப் பெண்ணிடம் கேட்டேன். அவர் புரியாமல் பார்த்தார். மேலே புல் தீர்ந்துவிட்டது, மாடு இறங்கியாக வேண்டும், இதில் தள்ளிவைக்க என்ன இருக்கிறது?

சாலையோரத்தில் அதிகம் கூட்டமில்லை. வெயில் நாளாக இருந்தால் பேருந்து பேருந்தாக வருவார்களாம். குடைக்குள் நின்றிருந்தவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள். எந்த மந்தை யாருடையது என்று மணியோசையைக் கேட்டே பேசிக்கொண்டார்கள். முதலில் வந்தவை கொம்பில்லாத வெள்ளை ஆடுகள். அவற்றை ஓட்டிக்கொண்டு ஒரு சிறுவனும் சிறுமியும். சிறுவனுக்கு ஏழெட்டு வயது இருக்கும். தொப்பியிலிருந்து தண்ணீர் மூக்கில் வழிய, சிரிக்காமல், மிகுந்த பொறுப்போடு நடந்தான். பின்னால் மஞ்சள் அரைக்கால் சட்டையும் பூவேலை செய்த சிவப்பு மேற்சட்டையுமாகச் சென். வலக் காதில், பாலேடு வழிக்கும் அகப்பையின் வடிவில் ஒரு சின்னப் பொன் தொங்கட்டான். வாயில் மூடி போட்ட குழாய். அதை இங்கே கவிழ்த்துப் பிடித்துத்தான் புகைக்கிறார்கள். இடத் தோளில் மரப் பால்வாளி. வாளியின் அடிப்பலகையில் மாடும் மேய்ப்பருமாக ஓவியம். 1809 முதல் 1865 வரை வாழ்ந்த பார்த்தலோமேயுஸ் லெம்லர் போன்ற கிராமத்து ஓவியர்கள் இந்த அடிப்பலகைகளில் வரைந்தவை இன்று அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. தெருவில் அந்த ஓவியம் நனைந்துகொண்டு போனது.

அடுத்து மூன்று மாடுகள், கழுத்தில் பூவேலைத் தோல் வாரில் தொங்கும் மூன்று பெரும் மணிகள். ஒன்றோடொன்று சுதி சேரும்படி தேர்ந்தெடுத்தவை. மாடுகள் ஓடினால் ஓசை கலையும், நின்றால் அறும். அவற்றை ஒரே சீரான நடையில் கொண்டுவருவதில்தான் மேய்ப்பரின் பெருமை இருக்கிறது. பின்னால் நான்கு பேர் தோளோடு தோள் சேர்ந்து சோயர்லி இழுத்துக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பின் மந்தை முழுவதும். கடைசியில் பழுப்பு உடையில் உரிமையாளரும், மாடுகளின் குதிகாலைக் குறிவைத்து அங்குமிங்கும் ஓடும் பிளெஸ் நாயும். அதற்கும் பின்னால், கொப்பரையும் மரச்சாமான்களும் ஏற்றிய குதிரை வண்டி. ஒரு மந்தை போய்ச் சேர்ந்த பிறகு நீண்ட நேரம் வெறும் மழை. மறுபடி எங்கோ மேட்டில் மணி கேட்கும்.

மலை மேய்ச்சல் பருவம் 2023இல் யுனெஸ்கோவின் மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்ந்தது. நல்லதுதான். ஆனால் அந்தச் சாலையோரத்தில் நின்றபோது அந்தப் பட்டியல் என் நினைவுக்கே வரவில்லை. விடியுமுன் மேலே பால் கறந்து, அந்த வெள்ளைக் காலுறைகளையும் நகைகளையும் அணிந்து, சேற்றில் மணிக்கணக்காக இறங்கி வந்தவர்களுக்கு எங்கள் கைதட்டல் தேவைப்படவில்லை. இத்தனை மாதம் மந்தையை இழப்பில்லாமல் வைத்திருந்து திருப்பிக் கொண்டுவந்ததை ஊர் பார்க்க வேண்டும். அதற்குத்தான் அந்த உடை.

மதியத்துக்குப் பிறகு உணவகம் நிரம்பி வழிந்தது. அடுப்பைச் சுற்றி ஈரத் தொப்பிகள் காய்ந்தன. கம்பளி ஆவியும் மாட்டு வாசனையும் காபியும் கலந்த காற்று. மூன்று பெருமணிகளையும் உள்ளே தூக்கி வந்து தரையில் வைத்திருந்தார்கள். சிறிது நேரத்தில் மூன்று பேர் எழுந்து ஆளுக்கொன்றைக் கையில் ஏந்தி, மாட்டு நடைக்கு ஆட்டத் தொடங்க, அறை முழுவதும் பாடியது. மேசைமேல் கண்ணாடிக் கோப்பைகள் அதிர்ந்தன. காலையில் ஆடு ஓட்டி வந்த சிறுவன் அப்பாவின் மடியில் உட்கார்ந்து, பெரியவர்களின் கீழ்ச்சுருதியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

புறப்படும்போது சமையல்காரர் அண்ணா வாசல்வரை வந்தார். சென்டிஸைப் பார்க்கவே முடியவில்லை என்று கணவர் சொன்னதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“ஜனவரியில வாங்கோ. பழைய வருசத்துக்கு. பதின்மூண்டாம் திகதி ஞாயிறில விழுந்தால் சனிக்கிழமையே நடத்திப்போடுவினம், அதைப் பாத்து டிக்கெட் எடுங்கோ. விடிய அஞ்சு மணிக்கு ரோட்டில நிக்க வேணும். ஊருக்குள்ள நிண்டால் ஆக்கள் கூட, மேல பண்ணைப் பக்கம் நடவுங்கோ. மணிச் சத்தம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். பாட்டு முடியுமட்டும் கதைக்காதையுங்கோ. கை குடுத்தால் நீங்களும் குடுங்கோ. சப்பாத்து நல்லதாப் போடுங்கோ, தங்கச்சி, வழுக்கும்.”

கணவர் கைபேசியில் நாள்காட்டியைத் திறந்தார். அடுத்த ஜனவரி 13 ஞாயிறு இல்லை.